பதினாலு மாத்திரை, ரெண்டு மாத்திரை... ஒரு ‘நார்மல்’ ரிப்போர்ட்!

உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒரு டப்பா இருக்கா? பழைய ஸ்வீட் பாக்ஸ் மாதிரி ஏதாவது? அதுக்குள்ள பாதி காலியான மாத்திரை அட்டைகள், மடிச்சு மடிச்சே நைஞ்சு போன பிரிஸ்கிரிப்ஷன், ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வெச்ச ஈ.சி.ஜி. பேப்பர்?

இருக்குன்னா, இது உங்களுக்கான கட்டுரை. இல்லைன்னாலும் படிச்சு வைங்க. அப்பாவோ, மாமாவோ, எதிர்வீட்டு அண்ணாச்சியோ... யாருக்காவது ஒருநாள் பயன்படும்.

அந்த டப்பாவுல இருக்கற ரெண்டே ரெண்டு மாத்திரையோட கதைதான் இது. ஒண்ணு ஆஸ்பிரின். இன்னொண்ணு கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின். கூடவே, இன்ஜினீயரிங் படிக்கிறோம்ங்கற தெனாவட்டுல நான் பண்ண ஒரு தப்போட கதையும்.

‘வாயுப் புடிப்பா இருக்கும்!’

திருவண்ணாமலையிலேருந்து கிருஷ்ணகிரி ரோட்டைப் பிடிச்சா, சுமார் 35 கிலோமீட்டர்ல செங்கம். அங்கேருந்து மலையடிவாரத்தைப் பார்த்துப் போனா எங்க ஊர். தலையை நிமிர்த்தினா ஜவ்வாது மலை. மலையிலேருந்து சாமையும் புளியும் தேனும் இறங்கி வரும். கீழே எங்க கழனியில மல்லாட்டை. (நிலக்கடலைக்கு எங்க பக்கத்துப் பேரு பாஸ்!)

2024 பிப்ரவரி. விடியக்காலை மோட்டார் போட்டு மல்லாட்டைக்குத் தண்ணி பாய்ச்சப் போன எங்க பெரியப்பா, அரை மணி நேரத்துல திரும்பி வந்து திண்ணையில உட்கார்ந்துட்டார். வயசு 54. நெஞ்சுக்கு நடுவுல யாரோ அம்மிக்கல்லை வெச்ச மாதிரி அழுத்தம். இடது தோள் வரைக்கும் இழுப்பு. சட்டை நனையற அளவுக்கு வியர்வை.

“வாயுப் புடிப்பா இருக்கும்”னு பெரியம்மா பூண்டைச் சுட்டுக் கொடுத்தாங்க. அப்புறம் ஓமத்தண்ணி. அப்புறம் கடையிலேருந்து ஒரு சோடா. ஏப்பம் வந்தது, வலி போகலை. இப்படியே ரெண்டு மணி நேரம் ஓடிருச்சு. கடைசியில பக்கத்து வீட்டு அண்ணன் பைக்ல நடுவுல உட்கார வெச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனார்.

அங்கே ஈ.சி.ஜி. எடுத்தாங்க. பேப்பரைப் பார்த்த உடனே நர்ஸ் அக்கா கை நிறைய மாத்திரையோட வந்தாங்க. “இதை அப்படியே முழுங்கிடாதீங்க, நல்லா மென்னு சாப்பிடுங்க”ன்னு ஆஸ்பிரினை முதல்ல கொடுத்தாங்க. அடுத்தடுத்து மத்ததும். பெரியம்மா பயத்துலயும் எண்ணியிருக்காங்க. மொத்தம் 14!

“வலி ஒண்ணு, மாத்திரை பதினாலா? இன்னா கண்ணு இது?”ன்னு ராத்திரி போன்ல என்கிட்ட கேட்டாங்க. அதுக்குள்ள 108 ஆம்புலன்ஸ் பெரியப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியும் போட்டு முடிச்சிருந்தாங்க. அப்புறம் ஆஞ்சியோ, ஸ்டென்ட்.

ரெண்டு மணி நேரத் தாமதத்துக்கு எங்க குடும்பத்தைத் திட்டணும்னு தோணுதா? ஒரு கணக்கு சொல்றேன். இந்தியாவுல 50 நகரங்கள்ல இருக்கற 89 ஆஸ்பத்திரிகள்ல, 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளைக் கவனிச்ச ‘கிரியேட்’ ஆய்வு 2008-ல் வெளியானது. வலி ஆரம்பிச்சதுலேருந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஆன நேரத்தோட நடுமதிப்பு 360 நிமிஷம். ஆறு மணி நேரம்! அதுவும் நகரத்து ஆஸ்பத்திரிகள் கணக்கு. ஜவ்வாது மலை மேல, பஸ் போகாத ஒரு குக்கிராமத்துல டோலி கட்டித் தூக்கிட்டு வர்ற ஆளோட கணக்கை நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அந்தப் பதினாலு எது எது?

பெரியம்மா கேட்ட கேள்விக்கு எனக்கு அன்னிக்குப் பதில் தெரியலை. இப்போ தெரியும்.

2023 ஜூன் மாசம் தமிழ்நாடு அரசு ‘இதயம் காப்போம்’னு ஒரு திட்டத்தைத் தொடங்குச்சு. மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளைப் பெரிய ஆஸ்பத்திரியில மட்டும் வைக்காம, ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயும் கிராமத்துத் துணை சுகாதார நிலையங்கள்லயும் வைக்கிறதுதான் திட்டம். 2,286 ஆரம்ப சுகாதார நிலையம், 8,713 துணை சுகாதார நிலையம்... ஆக மொத்தம் 10,999 இடம்.

அந்த டோஸ் இதுதான். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம், 2 மாத்திரை. குளோபிடோகிரல் 75 மில்லிகிராம், 4 மாத்திரை. அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், 8 மாத்திரை. கூட்டிப் பாருங்க, 14.

முதல் ரெண்டும் ரத்தம் கட்டியாகறதைத் தடுக்கற மருந்து. மூணாவது கொழுப்பு மருந்து. “அடைப்பு வந்து ஆள் துடிச்சிட்டு இருக்கும்போது கொழுப்பு மாத்திரை எதுக்கு?”ன்னு கேக்கறீங்களா? நானும் கேட்டேன். பதில் குழாய்க்குள்ள இருக்கு.

குழாய்க்குள்ள என்னதான் நடக்குது?

இதயத்துக்கே ரத்தம் கொண்டு போற குழாய்க்குப் பேரு கரோனரி. விட்டம் 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். நாம ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா அளவு கூட இல்லை!

இந்தக் குழாயோட சுவருக்குள்ள வருஷக்கணக்குல கொழுப்பு படியும். போர்வெல் பைப்புல உப்பு படியற மாதிரின்னு நாம நினைச்சிட்டு இருக்கோம். அது பாதிதான் சரி. கொழுப்பு குழாய்க்கு உள்பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கறது இல்லை. சுவரோட தோலுக்கு அடியில, பரு மாதிரி வீங்கி நிக்குது. மேல மெல்லிசா ஒரு மூடி. பெரும்பாலான மாரடைப்பு, கொழுப்பு வளர்ந்து வளர்ந்து குழாயை அடைச்சதால வர்றது இல்லை. அந்த மூடி திடீர்னு கிழியறதாலதான் வருது.

மூடி கிழிஞ்சா உடம்பு என்ன நினைக்கும்? “ஐயோ, காயம்!”னு நினைக்கும். அருவா பட்டு விரல் கிழிஞ்சா ரத்தத்தை நிறுத்த ஓடி வருமே பிளேட்லெட் அணுக்கள்... அதே பட்டாளம் இங்கேயும் ஓடி வரும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ‘த்ராம்பாக்சேன்’னு ஒரு ரசாயனத்தை வெளிவிட்டு, “எல்லாரும் வாங்கடா”ன்னு இன்னும் நாலு பேரைக் கூப்பிடும். கொஞ்ச நிமிஷத்துல 3 மில்லிமீட்டர் குழாய் அடைச்சிடும். அதுக்கு அப்பால இருக்கற இதயத் தசை ரத்தம் இல்லாம சாக ஆரம்பிக்கும். நல்லது பண்ண வந்த கூட்டமே வழியை மறிச்சு நிக்குது, அவ்ளோதான்!

இப்போ நம்ம ஹீரோக்கள் என்ட்ரி.

ஆஸ்பிரின், அந்த த்ராம்பாக்சேனைத் தயாரிக்கிற நொதியை நிரந்தரமா பூட்டிடுது. கூப்பிடற குரலே அடங்கிடும். பிளேட்லெட்டுக்கு நியூக்ளியஸ் கிடையாது. அதனால புது நொதி தயாரிச்சுக்க முடியாது. அது வாழற 7, 10 நாளும் அப்படியேதான். அப்போ ஒரு நாள் போட்டா 10 நாளைக்குப் போதுமேன்னு கேக்காதீங்க. எலும்பு மஜ்ஜை தினமும் புதுசு புதுசா பிளேட்லெட்டை அனுப்பிட்டே இருக்கும். அதனாலதான் தினமும் ஒரு சின்ன டோஸ்.

மென்னு சாப்பிடச் சொன்னது ஏன் தெரியுமா? மென்னா த்ராம்பாக்சேன் அளவு பாதியாகக் குறைய 5 நிமிஷம். அப்படியே முழுங்கினா 12 நிமிஷம். மாரடைப்புல 7 நிமிஷம்ங்கறது சின்ன விஷயம் இல்லை.

ஸ்டாட்டின் வேலை பார்க்கறது கல்லீரல்ல. அங்கே கொலஸ்ட்ரால் தயாராகற பாதையில ஒரு முக்கியமான நொதியை மறிக்குது. “சரக்கு வரலையே”ன்னு கல்லீரல் ரத்தத்துலேருந்து கெட்ட கொழுப்பை இழுத்துக்குது. ரத்தத்துல எல்.டி.எல். குறையுது. ஆனா மேட்டர் அதோட முடியலை. பருவுக்குள்ள இருக்கற அழற்சி தணியுது. மேல இருக்கற மெல்லிசு மூடி நாளாக நாளாகக் கெட்டியாகுது. ரத்தம் உறையற வேகமும் கொஞ்சம் மட்டுப்படுது. சும்மா சொல்லலை. 2009-ல் வெளியான ‘ஜூபிடர்’ ஆய்வு முடிவுல, இதய நோயே இல்லாத 17,802 பேர்ல ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டவங்களுக்கு, கால் நரம்புலயும் நுரையீரல்லயும் ரத்தக்கட்டி வர்றது 43 சதவிகிதம் குறைஞ்சிருந்தது. கொழுப்பு மாத்திரைக்கும் ரத்தக்கட்டிக்கும் சம்பந்தம் உண்டுங்கறதுக்கு இது ஒரு சாட்சி.

சுருக்கமா சொன்னா, ஸ்டாட்டின் மூடி கிழியாம பார்த்துக்குது. மீறிக் கிழிஞ்சா, கூட்டம் கூடாம ஆஸ்பிரின் பார்த்துக்குது. ஒருத்தர் கரையைப் பலப்படுத்தறார், இன்னொருத்தர் உடைப்பு எடுத்தா சேதத்தைக் குறைக்கிறார். ஏரிக்கரை பார்த்து வளர்ந்த செங்கத்துக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கணுமா?

ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. இந்த 14 மாத்திரை ஏற்கெனவே உண்டான அடைப்பைத் திறக்காது. கட்டி மேலும் வளராம தடுத்து நேரம் வாங்கிக் கொடுக்கும். திறக்கறதுக்கு ஊசியோ ஆஞ்சியோவோ வேணும். அதனால மாத்திரை போட்டாச்சுன்னு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அடுத்த ஸ்டாப் பெரிய ஆஸ்பத்திரிதான்.

தலைவலி மாத்திரையும் அரிசிப் பூஞ்சையும்

ஆஸ்பிரினுக்கு வயசு நூத்துக்கும் மேல. 1897-ல் ஜெர்மனியோட பேயர் கம்பெனியில உருவாகி, 1899-ல் விற்பனைக்கு வந்த தலைவலி மாத்திரை அது. அது எப்படி வேலை செய்யுதுன்னு ஜான் வேன் 1971-ல் கண்டுபிடிச்சார். 1982-ல் நோபல் பரிசு வாங்கினார். மாரடைப்பு வந்த உடனே கொடுத்தா உயிர் பிழைக்குமான்னு பார்த்த பெரிய சோதனை, ‘ஐசிஸ்-2’. 1988-ல் முடிவு வந்தது. 17,187 நோயாளிகள். வெறும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், ஒரு மாசத்துக்கு. அஞ்சு வாரத்துக்குள்ள ஏற்பட்ட இதய, ரத்தக்குழாய் மரணங்கள் 23 சதவிகிதம் குறைஞ்சது. கட்டி கரைக்கிற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தப்போ 42 சதவிகிதம்!

ஸ்டாட்டின் கதை இன்னும் சூப்பர். ஜப்பான் விஞ்ஞானி அகிரா எண்டோ, கொலஸ்ட்ராலைத் தடுக்கற பொருள் ஏதாவது பூஞ்சையில இருக்குமான்னு ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதிச்சார். கடைசியில 1973-ல் கிடைச்சது எங்கேன்னு நினைக்கறீங்க? கியோட்டோவுல ஒரு தானியக் கடை அரிசியில வளர்ந்த பூஞ்சையில! அதோட வழியில வந்த முதல் மருந்து 1987-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்குச்சு. 1994-ல் ‘4எஸ்’ ஆய்வு, 4,444 இதய நோயாளிகள்கிட்ட மரணம் 30 சதவிகிதம் குறைஞ்சதைக் காட்டுச்சு. உலகத்துல கோடிக்கணக்கான பேர் ஸ்டாட்டின் சாப்பிடறதைப் பார்த்துட்டு, 2024 ஜூன்ல அந்த மனுஷர் கண்ணை மூடினார்.

ரெண்டுமே இன்னிக்குக் காப்புரிமை முடிஞ்ச பழைய மருந்து. ஜெனரிக்கா வாங்கினா, ஒரு நாள் ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் சேர்ந்து ஒரு டீ காசைத் தாண்டாது. அப்போ சிக்கல் எங்கே? சிக்கல் என்னை மாதிரி ஆளுங்ககிட்ட!

நான் பண்ண தப்பு

பெரியப்பா டிஸ்சார்ஜ் ஆகி வந்தப்போ ஒரு டப்பா நிறைய மாத்திரை. சாப்பாட்டுக்கு அப்புறம் ஆஸ்பிரின், ராத்திரி அடோர்வாஸ்டாட்டின், இன்னும் மூணு நாலு. பீடியை விட்டார். உப்பைக் குறைச்சார். காலையில நடை. எங்க எல்லாருக்கும் சந்தோஷம்.

2024 தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனேன். பெரியப்பா ஒரு லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். “கண்ணு, நீதான் படிச்ச புள்ள. இதுல இன்னா போட்டிருக்குன்னு பாரு.”

பார்த்தேன். மாரடைப்பு வந்தப்போ 148 இருந்த எல்.டி.எல். இப்போ 62. பக்கத்துலயே அச்சடிச்சிருந்த நார்மல் அளவு 100-க்குக் கீழ. நான் சிரிச்சிக்கிட்டே சொன்னேன்: “சூப்பர் பெரியப்பா! எல்லாம் நார்மல். கொழுப்பே இல்லை!”

“அப்போ அந்த ராத்திரி மாத்திரை எதுக்கு?”ன்னு கேட்டார்.

“நார்மல்னா எதுக்கு? அடுத்த தடவை டாக்டரைக் கேட்டுக்கங்க”ன்னு சொல்லிட்டு முறுக்கு எடுக்கப் போயிட்டேன்.

அந்த ‘டாக்டரைக் கேட்டுக்கங்க’ங்கறது அவர் காதுல விழலை. ‘நார்மல்னா எதுக்கு’ மட்டும்தான் விழுந்தது. அன்னிக்கு ராத்திரியோட ஸ்டாட்டின் நின்னது. ரெண்டு வாரம் கழிச்சு “வயிறு எரியுது”ன்னு ஆஸ்பிரினையும் ஓரங்கட்டிட்டார். வீட்ல யாருக்கும் சொல்லலை. உடம்பு நல்லாத்தானே இருக்கு!

2025 பிப்ரவரியில திரும்பவும் வந்தது. இந்தத் தடவை யாரும் பூண்டு சுடலை. நேரா 108. பிழைச்சுக்கிட்டார். ஆனா இதயத் தசையில இன்னும் ஒரு பகுதி போயிடுச்சு. இப்போ வரப்புல இருந்து மோட்டார் ரூம் வரைக்கும் நடந்தாலே நின்னு மூச்சு வாங்கறார். மாத்திரையை நிறுத்தினதாலதான் வந்ததுன்னு ஒரே ஆளை வெச்சு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னார். ஆனா அவர் முதல்ல கேட்ட கேள்வி, “மாத்திரையை நிறுத்தினீங்களா?”

பெரியப்பா என் பேரைச் சொல்லலை. “நானாத்தான் நிறுத்துனேன்”னார். நான் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன்.

இந்த வருஷம் அஞ்சாவது செமஸ்டர்ல ‘கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்’ பேப்பர். ஃபீட்பேக் பத்தி சார் போர்டுல வரைஞ்சிட்டு இருந்தப்போதான் மண்டையில உறைச்சது. மோட்டார் சரியான வேகத்துல ஓடுதுன்னா, கன்ட்ரோலர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். “ஸ்பீடு நார்மல்தானே”ன்னு கன்ட்ரோலரைக் கழட்டிட்டா? பெரியப்பாவோட 62, நோய் போனதுக்கான நம்பர் இல்லை. மாத்திரை வேலை செய்யறதுக்கான நம்பர்!

இன்னொண்ணு. லேப் ரிப்போர்ட்ல அச்சடிச்சிருக்கற ‘100-க்குக் கீழ’ங்கறது பொதுவான ஆட்களுக்கு. ஒரு தடவை மாரடைப்பு வந்தவங்களுக்கு இலக்கே வேற. 70-க்குக் கீழ, பல வழிகாட்டிகள்படி 55-க்கும் கீழ. எனக்கு அது தெரியாது. தெரியாத விஷயத்துக்கு நான் பதில் சொன்னேன். அதுதான் தப்பு.

நாங்க மட்டும் இல்லை!

17 நாடுகள்ல, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பேர் கலந்துக்கிட்ட ‘ப்யூர்’ ஆய்வு முடிவு 2011-ல் வந்தது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவங்க, அதுக்கான மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடறாங்களான்னு வீடு வீடா விசாரிச்சாங்க. இந்தியாவும் இருந்த ஏழை நாடுகள் பட்டியல்ல, ஆஸ்பிரின் மாதிரி மருந்து சாப்பிட்டவங்க 8.8 சதவிகிதம். ஸ்டாட்டின் சாப்பிட்டவங்க வெறும் 3.3 சதவிகிதம். எந்த மாத்திரையுமே சாப்பிடாதவங்க 80 சதவிகிதம்!

கண்டுபிடிப்பு பழசு, விலை கம்மி, ஆதாரம் மலை மாதிரி. ஆனா மாத்திரை ஆள் வாய்க்குள்ள போகலை. இதுக்கு வழி தேடினவங்க கண்டுபிடிச்சதுதான் ‘பாலிபில்’. பல மாத்திரையை ஒண்ணுக்குள்ள அடக்கிட்டா?

2003-ல் லண்டன்ல வால்ட், லா ங்கற ரெண்டு பேர் இந்த யோசனையை எழுதினப்போ பலர் சிரிச்சாங்க. அதை முதல்ல பெரிய அளவுல சோதிச்சுப் பார்த்த நாடுகள்ல ஒண்ணு இந்தியா. அகமதாபாத் கம்பெனியான கெடிலா தயாரிச்ச ‘பாலிகேப்’. ஆஸ்பிரின், சிம்வாஸ்டாட்டின், மூணு பி.பி. மருந்து... அஞ்சும் ஒரே கேப்ஸ்யூல்ல. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைப்புல, 50 மையங்கள், 2,053 பேர். முடிவு 2009-ல் வந்தது. தலைமை தாங்கினவங்கள்ல ஒருத்தர், கேரளாவுல பிறந்து அதே செயின்ட் ஜான்ஸ்ல படிச்சு, கனடாவுல இருந்து ஆய்வு நடத்துற சலீம் யூசுஃப்.

அதுக்கப்புறம் வந்த ரெண்டு ரிசல்ட்டையும் பாருங்க. இந்தியாவுலயும் ஐரோப்பாவுலயும் 2,004 பேர்கிட்ட நடந்த ‘அம்பயர்’ ஆய்வு (2013): தனித்தனி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 65 சதவிகிதம் பேர்தான் ஒழுங்கா தொடர்ந்தாங்க. ஒரே மாத்திரையா கொடுத்தப்போ 86 சதவிகிதம்! மாரடைப்பு வந்த 2,499 பேர்கிட்ட ஐரோப்பாவுல நடந்த ‘செக்யூர்’ ஆய்வு (2022): ஆஸ்பிரின், ஸ்டாட்டின், ஒரு பி.பி. மருந்து மூணும் சேர்ந்த ஒரே மாத்திரை. வழக்கமான சிகிச்சையில 12.7 சதவிகிதமா இருந்த அடுத்த பாதிப்பு, 9.5 சதவிகிதமா இறங்குச்சு. 2023-ல் உலக சுகாதார நிறுவனம், அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல பாலிபில்லைச் சேர்த்துடுச்சு.

நம்ம ஊர் மருந்துக்கடையிலயே ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டாட்டினும் சேர்ந்த கேப்ஸ்யூல் கிடைக்குது. ஆனா எல்லாருக்கும் ஒரே டோஸ் ஒத்து வராது. ‘எனக்கு ஒண்ணா சேர்த்துக் குடுக்க முடியுமா?’ன்னு டாக்டர்கிட்ட கேக்கலாம். மாத்தறது அவர் கையில.

ஹலோ, நீங்க சாப்பிடாதீங்க!

இதைப் படிச்சிட்டு, “நாமளும் தினம் ஒரு ஆஸ்பிரின் போடுவோம் மச்சி”ன்னு கிளம்பிடாதீங்க. ஆஸ்பிரின் ரத்தம் உறையறதைத் தடுக்குது. அதாவது, கசியற இடத்துல கசிவையும் கூட்டும். வயித்துல புண், ரத்தப்போக்கு, அரிதா மூளையில கசிவு. இதய நோய் வராதவங்களுக்கு லாபத்தைவிட நஷ்டம் ஜாஸ்தியா இருக்கலாம்னு 2018-ல் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் சொல்லிடுச்சு. 60 வயசைத் தாண்டின ஆரோக்கியமானவங்க மாரடைப்பைத் தடுக்கறதுக்காகப் புதுசா ஆரம்பிக்க வேண்டாம்னு 2022-ல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழுவும் பரிந்துரைச்சது.

டெங்கு காய்ச்சல்ல ஆஸ்பிரின் ஆபத்து. குழந்தைகளுக்குக் காய்ச்சல்னா கொடுக்கவே கூடாது. கை கால் இழுத்துக்கிட்டு வாய் கோணினா அது பக்கவாதமா இருக்கலாம். அங்கேயும் கொடுக்காதீங்க. ஸ்கேன் பார்க்காம, அடைப்பா கசிவான்னு தெரியாது.

ஸ்டாட்டின்லயும் சிலருக்குத் தசை வலி வரும். வந்தா நிறுத்தறதுக்குப் பதிலா டாக்டர்கிட்ட சொல்லுங்க. டோஸைக் குறைக்கலாம், வேற ஸ்டாட்டின் மாத்தலாம். ஆஸ்பிரின்னால வயிறு எரிஞ்சா அதுக்கும் மருந்து உண்டு. எங்க பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். கறுப்பா மலம் போனா மட்டும் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீங்க, உடனே ஓடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை!

ஹாஸ்டல்ல இருக்கறவங்க அடுத்த லீவுல. வீட்ல இருக்கறவங்க இன்னிக்கே. அந்த டப்பாவை இறக்குங்க.

* ஒவ்வொரு அட்டையிலும் எழுதியிருக்கற மருந்துப் பேரை, கடைசியா டாக்டர் எழுதின சீட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. எது குறையுது?

* அட்டையில மிச்சம் இருக்கற மாத்திரையை எண்ணுங்க. வாங்கின தேதிக்கும் எண்ணிக்கைக்கும் கணக்கு இடிச்சா, திட்டாதீங்க. “ஏன் நிறுத்தினீங்க?”ன்னு மெதுவா கேளுங்க. வயிறு எரிச்சலா, காசா, கடையில இல்லையா, இல்ல ‘நார்மல்’ ஆயிடுச்சா? ஒவ்வொண்ணுக்கும் தீர்வு வேற வேற.

* ரிப்போர்ட் நார்மல்னு வந்தா, “மாத்திரை வேலை செய்யுது, விடாதீங்க”ன்னு சொல்லுங்க. இந்த ஒரு வரியை மனப்பாடமே பண்ணிடுங்க.

* நெஞ்சு நடுவுல அழுத்தம், வியர்வை, தோள், தாடை வரைக்கும் வலி... 108 கூப்பிடுங்க. உங்க ஊருக்குப் பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் எங்கே இருக்குன்னு இப்போவே தெரிஞ்சு வெச்சுக்கங்க. சோடா அப்புறம்!

* ஸ்டென்ட் வெச்சவங்க பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போனா, ஆஸ்பிரின் சாப்பிடறதை முதல்லயே சொல்லணும். நிறுத்தணுமா வேணாமான்னு இதய டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

செங்கத்துல எங்களுக்குத் தெரிஞ்ச மருந்துக்கடை அண்ணன் ஒருத்தர் இருக்கார். மலையிலேருந்து சந்தைக்கு இறங்கி வர்றவங்க, வாங்கற மாத்திரையை வெச்சே அவருக்குத் தெரியுமாம். “முதல் மாசம் முப்பது மாத்திரை கேப்பாங்க பாப்பா. மூணாவது மாசம் பத்து குடுங்கம்பாங்க. அப்புறம் ஆளே வர மாட்டாங்க”ன்னார். மலையில பதினாலு மாத்திரை கொண்டு போய்ச் சேர்த்தாச்சு, நல்ல விஷயம். அந்தப் பதினாலு ஒரு நாளைக்கு. மிச்ச நாளெல்லாம் அந்தச் சின்ன மாத்திரைகளை நினைவுபடுத்த ஒரு ஆள் வேணும். அந்த ஆள் அரசாங்கமா இருக்க முடியாது. நீங்கதான்.

இப்போ தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு என் செல்போன்ல அலாரம் அடிக்கும். ரூம்மேட்டுங்க கிண்டல் பண்ணுவாங்க, “யார் மச்சி அது, டெய்லி கரெக்ட் டைமுக்குக் கால் பண்றே?”ன்னு.

பெரியப்பாதான். ரெண்டாவது ரிங்ல எடுப்பார். “போட்டுட்டேன் கண்ணு. சாட்சிக்கு உங்க பெரியம்மா இருக்கா, கேக்கறியா?”ம்பார்.

நான் கேப்பேன். தினமும்.